தீவுக்குக் குடிபோகலாமா? உங்கள் உடம்பைக் கேளுங்கள்!

"எம்மவன் அந்தமானுக்குக் கூப்புடுதான்யா. இந்த வயசுல அங்கே போனா உடம்புக்கு ஒத்துக்கிடுமா?"

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் இந்தக் கேள்வி புதிதல்ல. மகனுக்கு மத்திய அரசு வேலை, மருமகனுக்குக் கடை, பேத்திக்கு ஆசிரியர் வேலை என்று ஏதோ ஒரு காரணத்தால் தீவுக்குக் கிளம்புகிற குடும்பங்கள் இங்கே உண்டு. சம்பளம் எவ்வளவு, குவார்ட்டர்ஸ் கிடைக்குமா, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் உண்டா என்றெல்லாம் தீர விசாரிப்பார்கள். உடம்பைப் பற்றிய கேள்வி மட்டும் டிக்கெட் போட்ட பிறகுதான் வரும். அதுவும் வீட்டில் இருக்கிற வயதானவர்கள் கேட்டால்தான் உண்டு!

அதனால் இந்த மாதம் இதையே பாடமாக எடுத்துக்கொள்வோம். உதாரணத்துக்கு அந்தமானை வைத்துக்கொள்ளலாம். மாலத்தீவுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

நிலத்துக்கும் நோய்க்கும் என்ன சம்பந்தம்?

சித்த மருத்துவத்தில் நோயாளியின் நாடியைப் பார்ப்பதோடு அவர் எந்த நிலத்துக்காரர் என்றும் பார்ப்பது வழக்கம். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து நிலங்களைப் பள்ளிக்கூடத்தில் இலக்கியமாகப் படித்திருப்பீர்கள். எங்களுக்கு அது நோய்க்கணக்கு. மலைநாட்டில் சுரமும் ஐயமும், அதாவது காய்ச்சலும் சளிக்கட்டும் தங்கும். கடற்கரையில் வாதம் கூடும், உறுப்பு வீக்கமும் குடலிறக்கமும் வரும். வறண்ட பாலையில் வாதம், பித்தம், ஐயம் மூன்றுமே கெடும். வயலும் ஆறும் உள்ள மருதம்தான் நோயைப் போக்கும் நல்ல நிலம். பதார்த்த குண சிந்தாமணி சொல்லும் கணக்கு இது.

தாமிரபரணிக்காரர்கள் இதைப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும்வரை நம் ஆறு ஓடுவது ஏறத்தாழ 125 கிலோ மீட்டர்தான். அதற்குள் ஐந்து நிலமும் வந்துவிடுகிறது. பாபநாசத்துக்கு மேலே குறிஞ்சி. முண்டந்துறைக் காட்டில் முல்லை. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி எல்லாம் அசல் மருதம். தெற்கே சாத்தான்குளம் பக்கம் போனால் செம்மண் தேரிக்காடு, அது பாலை. திருச்செந்தூர், புன்னைக்காயல் நெய்தல்.

கவனியுங்கள்: மலைக்கும் கடலுக்கும் நடுவில் நமக்கு அகலமான மருதம் இருக்கிறது. வயல், வாய்க்கால், வாழைத்தோட்டம் என்று ஒரு மெத்தை மாதிரி. பெரும்பாலான நெல்லைக்காரர்களின் உடம்பு இந்த மெத்தையில் வளர்ந்த உடம்பு.

அந்தமான் எந்த நிலம்?

அந்தமான் - நிகோபாரின் மொத்தப் பரப்பு 8,249 சதுர கிலோ மீட்டர். அதில் 80 சதவீதத்துக்கு மேல் காடு. காட்டு மலை நேராகக் கடலில் இறங்குகிறது. குறிஞ்சியும் நெய்தலும் ஒட்டிப் பிறந்த இரட்டைப் பிள்ளைகள். நடுவில் மெத்தை கிடையாது! மலைநாட்டுச் சுரமும் ஐயமும், கடற்கரை வாதமும் ஒரே வீட்டு வாசலுக்கு வரலாம் என்று இதற்குப் பொருள்.

இது வெறும் ஏட்டுக்கணக்கு என்று நினைக்காதீர்கள். 1789-ல் ஆங்கிலேயர்கள் ஆர்ச்சிபால்ட் பிளேர் தலைமையில் அங்கே முதல் குடியேற்றம் அமைத்தார்கள். 1792-ல் அதை வட அந்தமானுக்கு மாற்றினார்கள். நான்கே வருஷம்தான். நோயும் சாவும் தாங்க முடியாமல் 1796-ல் எல்லாவற்றையும் கைவிட்டுக் கப்பலேறிப் போய்விட்டார்கள். மறுபடியும் 1858-ல்தான் கைதிகளைக் கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள்.

நம் ஜனங்கள் கதையும் ஒன்று உண்டு. 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கை மலைத்தோட்டங்களிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்களில் சிலரை, நிகோபாரில் உள்ள கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தினார்கள். ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவு! மழையும் காடும் அவர்களுக்குப் பழக்கம்தான், உழைத்துப் பிழைத்தார்கள். ஆனால் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் மிக மோசமாக அடிபட்ட தீவுகளில் கச்சாலும் ஒன்று.

இந்த இரண்டையும் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இன்று அங்கே பல லட்சம் பேர் நன்றாகவே வாழ்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் மொத்த ஜனத்தொகை சுமார் 3 லட்சத்து 80 ஆயிரம். வங்காளி, இந்திக்கு அடுத்தபடி அதிகம் பேர் பேசுவது தமிழ். நிலத்தைப் புரிந்துகொண்டு போனவர்கள் நிலைத்தார்கள் என்பதுதான் பாடம்.

நன்மைகளை முதலில் எண்ணுவோம்

வெயில்: பாளையங்கோட்டையில் மே மாதம் 40 டிகிரி சுடுகிறதே, அந்தக் கொடுமை அங்கே இல்லை. வருஷம் முழுவதும் பெரும்பாலும் 23-லிருந்து 32 டிகிரிக்குள்தான். கோடையில் பித்தம் ஏறி, கட்டி, வேனல் கொப்புளம், நீர்க்கடுப்பு என்று அவதிப்படுகிறவர்களுக்கு இது நிம்மதி.

காற்று: ஆலைப்புகை கிடையாது. சுற்றிலும் காடு, கடல். புகையால் இருமுகிறவர்களுக்கு நல்லது.

சாப்பாடு: மீனும் தேங்காயும் வாழையும் தாராளம். அன்றன்று பிடித்த மீனைக் குழம்பு வைத்துச் சாப்பிடும் வீட்டில் சத்துக்குறைவு பற்றிப் பயம் வேண்டாம்.

மனசு: ஸ்ரீ விஜயபுரத்தில் (2024 வரை போர்ட் பிளேர் என்று பெயர்) கடைத்தெருவில் தமிழ் கேட்கும். முருகன் கோயில் உண்டு, பங்குனி உத்திரம் உண்டு. மொழி தெரியாத ஊரில் மாட்டிக்கொண்ட தவிப்பு குறைவு.

இப்போது சிரமங்கள்

முதல் சிரமம் ஈரம். அங்கே வருஷத்துக்குச் சுமார் 3,000 மில்லி மீட்டர் மழை. திருநெல்வேலி நகரில் பெய்வது இதில் நாலில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். மே பாதியில் பிடித்தால் தென்மேற்குப் பருவம், அது முடிந்தால் வடகிழக்கு. நமக்கு ஆனி, ஆடியில் குற்றாலச் சாரல் அடித்தால் ஆனந்தம். அதே சாரல் மாசக்கணக்கில் விடாமல் அடித்தால்?

துணி காயாது. ஈரத்துணியை உடுத்தினால் தொடை இடுக்கிலும் அக்குளிலும் படர்தாமரை வந்துவிடும். அரைகுறை வைத்தியம் பார்த்தால் போவதுபோல் போய்த் திரும்பி வரும். சுவரிலும் மெத்தையிலும் பூஞ்சை படியும். வீசிங் உள்ளவர்களுக்கு அது பரம எதிரி. ஐய உடம்புக்காரர்களுக்கு மூக்கடைப்பு, தலைக்கனம். மூட்டுவலிக்காரர்களுக்கு மேகம் கறுத்தாலே முழங்கால் சொல்லிவிடும்.

இரண்டாவது காய்ச்சல். 1988 முதல் வட அந்தமானின் டிக்லிபூர் பக்கம் மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒரு காய்ச்சல் கிளம்பி ஆட்களைக் கொன்றது. நுரையீரலில் ரத்தக்கசிவு. காரணம் தெரியாமல் 'அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். பிறகு 1990-களில்தான் அது எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலும் தண்ணீரிலும் வெறுங்காலோடு நடக்கும்போது, காலில் உள்ள சின்னக் காயம் வழியாகக் கிருமி ஏறுகிறது.

ஆகவே காய்ச்சலோடு கெண்டைக்கால் சதையில் கடும் வலி, கண் சிவப்பு, மஞ்சள் நிறம், சிறுநீர் குறைதல் இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். சித்த மருத்துவன் நானே சொல்லுகிறேன்: நிலவேம்புக் குடிநீரை நம்பி இரண்டு நாளைக் கடத்தாதீர்கள். ஆரம்பத்தில் பிடித்தால் குணமாகிற நோய் இது.

நிகோபார் பக்கம் வேலை என்றால் மலேரியாவையும் கணக்கில் வையுங்கள். முன்பைவிட வெகுவாகக் குறைந்திருக்கிறது, ஆனாலும் கொசுவலை இல்லாமல் படுக்கக் கூடாது. நான்கவுரித் தீவுக்கூட்டத்தில் யானைக்காலைப் பரப்பும் கொசு பகலில் கடிக்கிற ரகம். காட்டுப் பக்கம் போகும்போது முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது தண்ணீர். இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். அத்தனை மழை பெய்தும் பெரிய ஆறு கிடையாது. ஸ்ரீ விஜயபுரத்துக்கு முக்கியமாகத் தண்ணீர் தருவது தானிக்காரி அணை. மாசி, பங்குனி, சித்திரையில் அது வற்றினால் குழாயில் முறை வைத்துத்தான் விடுவார்கள். தாமிரபரணித் தண்ணீரில் குளித்துப் பழகியவர்களுக்கு முதல் கோடை கஷ்டமாக இருக்கும். வீட்டில் தொட்டி, டிரம், குடம் என்று நிரப்பி வைப்பீர்கள். மூடி போடாவிட்டால் டெங்கு கொசுவுக்கு நீங்களே வீடு கட்டிக் கொடுத்த மாதிரி!

நான்காவது கடிகாரம். நம்மைவிட அங்கே சூரியன் ஏறக்குறைய ஒரு மணி நேரம் முந்துகிறது. கடிகாரமோ இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். மார்கழியில் சாயங்காலம் 5 மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். இங்கே மாதிரி ஒன்பதரைக்கு ராச்சாப்பாடு சாப்பிட்டால், உடம்பின் கணக்குப்படி அது பத்தரை மணிச் சாப்பாடு. செரிக்காமல் புளித்த ஏப்பம் வரும், தூக்கமும் கெடும். ஏழு மணிக்குச் சாப்பிட்டு ஒன்பது மணிக்குப் படுத்துப் பழகுங்கள். பாதித் தொந்தரவு மருந்தில்லாமல் போகும்.

எல்லாவற்றையும்விடப் பெரியது தூரம்!

மேலே சொன்ன நான்கையும் பழக்கவழக்கத்தால் சமாளிக்கலாம். பழக்கத்துக்கு அடங்காதது தூரம் ஒன்றுதான். 'காலநிலை ஒத்துக்கொள்ளுமா' என்று மட்டும் கேட்கிறவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

அம்பாசமுத்திரத்தில் ஒருவருக்கு நடுராத்திரி நெஞ்சுவலி என்றால் ஒன்றரை மணி நேரத்துக்குள் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி. அந்தமானில்? ஸ்ரீ விஜயபுரத்திலேயே குடியிருந்தால் கோவிந்த் வல்லப் பந்த் ஆஸ்பத்திரி இருக்கிறது, 2015-லிருந்து மருத்துவக் கல்லூரியும் உண்டு. பல நோய்களுக்கு அதுவே போதும். ஆனால் டிக்லிபூரில் வேலை என்றால் அங்கிருந்து தலைநகருக்குச் சாலை வழியே சுமார் 300 கிலோ மீட்டர். கார் நிகோபார் என்றால் கடல் வழியே ஏறத்தாழ 270. பெரிய நிகோபாரின் கேம்ப்பெல் பே என்றால் 500-க்கும் மேல். மழையிலும் புயலிலும் கப்பல், விமானம், ஹெலிகாப்டர் எதுவும் நம் அவசரத்துக்குக் காத்திருக்காது.

பெரிய சிகிச்சைக்குச் சென்னைக்கு அனுப்பினால் விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். கப்பல் என்றால் மூன்று நாள். இது நோயாளிக்கு மட்டுமல்ல, உறவுக்கும் பொருந்தும். இங்கே அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று போன் வந்தால், அங்கிருந்து கிளம்பி, சென்னையில் இறங்கி, நெல்லை எக்ஸ்பிரஸ் பிடித்து வந்து சேர மறுநாள் ஆகிவிடும். மழைக்காலத்தில் அதற்கும் உத்தரவாதம் இல்லை.

குடும்பத்தில் யாரை வைத்து முடிவு செய்வது?

நல்ல திடகாத்திரமான மகனை வைத்து முடிவு செய்யாதீர்கள். அவர் எங்கும் பிழைத்துக்கொள்வார். குடும்பத்திலேயே பலவீனமான உடம்பு யாருடையதோ, அவரை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

தாராளமாகப் போகலாம்: 45 வயதுக்குட்பட்ட, நாள்பட்ட நோய் எதுவும் இல்லாத கணவன் - மனைவி. தடுப்பூசிகளை ஒழுங்காகப் போட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகள். பிள்ளைகள் பெரியவர்களைவிடச் சீக்கிரம் பழகிக்கொள்வார்கள்.

ஏற்பாட்டோடு போகலாம்: சர்க்கரை, ரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள். சர்க்கரைக்காரர்கள் பாதத்தைத் தினம் பார்க்க வேண்டும். கடற்கரையில் பவளப்பாறை கீறினால் அதைச் சின்னக் காயம் என்று விடக் கூடாது. இன்சுலின் போடுகிறவர்கள் குளிர்சாதனப் பெட்டியும் மின்சாரமும் உள்ள இடமா என்று முன்கூட்டியே கேளுங்கள். கர்ப்பிணிகள் ஏழாம் மாதத்துக்குள் தாய்வீடு வந்து சேர்ந்துவிடுவது நல்லது. கடைசி மாதங்களில் விமானத்தில் டாக்டர் சர்டிபிகேட் கேட்பார்கள், பிரசவம் நெருங்கினால் ஏற்ற மாட்டார்கள்.

நன்றாக யோசிக்க வேண்டும்: அடிக்கடி வீசிங் வந்து அட்மிட் ஆகிறவர்கள். ரத்தநாள அடைப்புக்குச் சிகிச்சை எடுத்த இதய நோயாளிகள். மூட்டுவாதம் முற்றியவர்கள். இவர்கள் தலைநகரில் தங்குவதென்றால் மட்டும், தங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு போகலாம்.

வேண்டாம் என்று நான் சொல்வது: டயாலிசிஸ் செய்கிறவர்கள், புற்றுநோய் சிகிச்சை நடுவில் இருப்பவர்கள், படுத்த படுக்கையான பெரியவர்கள். இவர்களை வெளித்தீவுகளுக்கு அழைத்துப்போவது பாசமாகத் தெரியலாம். ஆபத்து நேரத்தில் அது அவர்களுக்கும் உங்களுக்கும் தண்டனையாகிவிடும்.

வெள்ளோட்டம் விடுங்கள்

நம்மவர்கள் செய்வது என்ன? அரைப் பரீட்சை லீவில், டிசம்பர் கடைசியில் குடும்பத்தோடு போய்ப் பார்ப்பார்கள். வானம் தெளிவாக இருக்கும், கடல் நீலமாக மினுங்கும். "ஆகா, சொர்க்கம்!" என்று திரும்பி வந்து சாமான் கட்டுவார்கள்.

அப்படிச் செய்யாதீர்கள். வேலைக்குப் போகிறவர் முதலில் தனியாகப் போகட்டும். குடும்பம் ஜூலை, ஆகஸ்டில் போய் ஒரு மாசம் தங்கிப் பாருங்கள். தாத்தா பாட்டியையும் அழைத்துப்போங்கள். துணி காயாத, வெளியே போக முடியாத, கரண்ட் போன அந்த ஒரு மாசத்தில் யாருக்கு இருமல் வருகிறது, யாருக்குத் தூக்கம் கெடுகிறது, யார் பேச ஆள் இல்லாமல் வாடுகிறார் என்று எல்லாம் தெரிந்துவிடும். உடம்பு சொல்வதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தனியாகத் தங்கும் ஆண்களுக்கு ஒரு வார்த்தை. மழைக்கால ராத்திரி நீளமாகத் தெரியும், பொழுதுபோக்குக்கு என்று ஆரம்பிக்கிற குடி அங்கேதான் பழக்கமாகிறது. சமையல் செய்து சாப்பிடுங்கள், சாயங்காலம் நடங்கள், தினம் ஒருமுறை வீட்டோடு பேசுங்கள்.

பெட்டியில் என்னென்ன?

* வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகள் குறைந்தது இரண்டு மாதத்துக்கு. டாக்டர் சீட்டின் நகல், பழைய ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகள்.
* சுக்கு, மிளகு, திப்பிலி, சீரகம், ஓமம், தூதுவளைப் பொடி. ஈரம் புகாத மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். உடன்குடிக் கருப்பட்டி ஈரக்காற்றில் கசிந்து ஒழுகும், அதையும் அப்படியே. சர்க்கரைக்காரர்களுக்குக் கருப்பட்டி வேண்டாம்.
* மழை மாதங்களில் வெந்நீர்தான் குடிக்க வேண்டும், சீரகம் போட்டுக் கொதிக்கவைத்தது. தினம் ஒருவேளை மிளகு ரசம். ராத்திரியில் தயிர் வேண்டாம்.
* எண்ணெய்க் குளியலை மழை விட்ட, வெயில் அடிக்கிற நாளில் வைத்துக்கொள்ளுங்கள். சளி, வீசிங் உள்ளவர்கள் அடைமழை நாளில் தவிர்க்கவும்.
* படர்தாமரைக்குச் சீமையகத்தி இலையை அரைத்துப் பூசலாம். பத்து நாளில் குறையாவிட்டால் தோல் டாக்டரைப் பாருங்கள். கடையில் ஏதாவது ஒரு களிம்பை வாங்கித் தேய்த்துக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.
* பருத்தி உள்ளாடைகள் கூடுதலாக. சேற்றுக்கு ரப்பர் பூட்ஸ். ஆளுக்கொரு கொசுவலை.
* வீடு பார்க்கும்போது கடலோரம் அழகாக இருக்கிறது என்று மயங்காதீர்கள். நிலநடுக்க அபாயம் மிகுந்த பகுதி அது. மேட்டில், வெயில் படுகிற வீடாகப் பாருங்கள். நிலம் பலமாக ஆடினால் அறிவிப்புக்குக் காத்திருக்காமல் உயரமான இடத்துக்குப் போய்விட வேண்டும் என்று பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

இங்கே இருந்துவிடும் பெரியவர்களுக்கு

எல்லாம் பார்த்த பிறகு, "நான் வரலைப்பா, நீங்க போயிட்டு வாங்க" என்று அம்மா சொல்லலாம். அதை அவருடைய பிடிவாதம் என்று நினைக்க வேண்டாம். அறுபது, எழுபது வருஷம் மருதத்தில் இருந்த உடம்பு தன் நிலத்தைக் கேட்கிறது. அப்படியானால் கிளம்புமுன் இந்த நாலு காரியத்தையும் முடித்துவிடுங்கள்: ராத்திரியில் கூப்பிட்டால் வரக்கூடிய ஒரு பக்கத்து வீட்டுக்காரர், பழக்கமான ஒரு டாக்டர், அம்மா கையில் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கொஞ்சம் பணம், அவசரத்துக்கு உங்கள் விமான டிக்கெட்டுக்கென்று தொடாமல் வைத்திருக்கும் தனிப் பணம். இந்த நான்கும் தயாரில்லை என்றால், மாற்றல் உத்தரவை ஆறு மாதம் தள்ளிப்போட முடியுமா என்று ஆபீசில் கேட்டுப் பாருங்கள்.

நான்கும் தயார், மழைக்கால வெள்ளோட்டமும் நல்லபடி முடிந்தது என்றால் தயக்கம் வேண்டாம். சுக்கு டப்பாவை மறக்காமல் எடுத்துக்கொண்டு சந்தோஷமாகக் கிளம்புங்கள்!